சொந்த ஊர் என்றொரு கட்டம்

தம்பி,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. ஒன்று கப்பலில் ஆடி அசைந்து வந்தது, மற்றது விமானத்தில் வந்தது. தபால்காரர் இரண்டையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அதனால் உன் மகிழ்ச்சியையும் உன் கோபத்தையும் நான் ஒரே மத்தியானத்தில் படிக்க வேண்டியதாயிற்று. முதல் கடிதத்தில் உன் வீட்டுக்கார அம்மாளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருந்தாய். போர்க்காலத்தில் மெல்பர்னில் அவர்கள் தெருவே ஒரு குடும்பமாக இருந்ததாம். தேயிலைக்குக் கூப்பன், வெண்ணெய்க்குக் கூப்பன், சட்டைத் துணிக்குக் கூப்பன். மிஞ்சிய கூப்பனைப் பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்களாம். ரோஜாச் செடியைப் பிடுங்கிவிட்டு முட்டைக்கோசு நட்டார்களாம். பெண்கள் ஒரு வீட்டில் கூடி உட்கார்ந்து, முகம் தெரியாத சிப்பாய்களுக்குக் காலுறை பின்னினார்களாம். எல்லாவற்றையும் எழுதிவிட்டு, "நம் ஆட்களிடம் இந்த ஒற்றுமை ஏன் இல்லை அப்பா?" என்று ஒரு குத்தும் குத்தியிருந்தாய்.

இரண்டாவது கடிதத்தில் அதே அம்மாளைக் கீழே போட்டு மிதித்திருந்தாய். அதே தெருவில் ஓர் இத்தாலிக்காரர் காய்கறிக் கடை வைத்திருந்தார் என்றும், அந்த அம்மாளின் மகன் சிப்பாயாகக் கப்பலேறிய பிறகு யாரோ ஒரு காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள் என்றும் எழுதியிருந்தாய். கடைக்காரர் வீட்டில் வானொலிப் பெட்டி இருக்கிறது, அவர் எதிரியின் ஆள், இங்கே இருக்கக் கூடாது என்று அந்தக் காகிதத்தில் இருந்தது. தெருவில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். இந்த அம்மாளும் போட்டார். அந்த மனிதரைப் பிடித்துக்கொண்டு போய் எங்கோ உள்நாட்டு முகாமில் வைத்தார்கள். அவர் மனைவி இரண்டு பிள்ளைகளோடு கடையைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள், ஒருவரும் போய் ஒரு கிழங்கு வாங்கவில்லை, ஒருநாள் கடை பூட்டிக் கிடந்தது. இதை அந்த அம்மாள் உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டே சொன்னார் என்பதுதான் உன்னை அதிகமாகச் சுட்டிருக்கிறது. "இந்தக் கையால் போட்ட சோற்றை என்னால் தின்ன முடியவில்லை. பிப்ரவரிக் கடைசியில் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் அந்த இடத்தில் இருந்திருந்தால் அப்படிச் செய்திருப்பீர்களா அப்பா?" என்று கேட்டிருந்தாய்.

நீ பதிலைத் தெரிந்துகொண்டு கேட்ட கேள்வி அது. அப்பா இல்லை என்று எழுதுவார், அதைப் பையில் போட்டுக்கொண்டு அந்த வீட்டுப் படியிறங்கலாம் என்று நினைத்திருப்பாய். ஐந்து வாரமாக நான் பதில் போடவில்லை. மழை, மூட்டுவலி, கடையில் ஆள் இல்லை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். பதில் ஒரு வரிதான். செய்தேன், தம்பி. அந்த அம்மாளாவது ஊரோடு ஊராகக் கையெழுத்துப் போட்டார். நான் தனியாக, என் பேனாவால், ஒரு பெயரை அடித்தேன். அந்தப் பெயருக்குள் சீத்தாவும் இருந்தாள்.

சீத்தாவை நீ மறந்திருக்க மாட்டாய். இங்கே மலாக்காவில், காஜா பெராங்கில் நம் வரிசை வீட்டில், நமக்கு அடுத்த கதவு. ராஜு, அவர் மனைவி மாக் மீனா, அவர்களுடைய ஒரே மகள் சீத்தா. மலாக்கா செட்டிகள். நம் ஆட்கள் தோட்டங்களுக்குக் கப்பலேறுவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து ஊன்றிப்போனவர்கள். சாமி நம் சாமி, பேச்சு மலாய்ப் பேச்சு. மாக் மீனா சாரோங் கெபாயா உடுத்திக்கொண்டு, நெற்றியில் திருநீறு இட்டு, வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போவார். செட்டிகளில் பெரும்பாலோர் சாலைக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய கம்போங் குடியிருப்பில் இருந்தார்கள். ராஜு மட்டும் கல்யாணத்துக்குப் பிறகு நம் வரிசைக்குக் குடிவந்தவர். போருக்கு முன்னால் அவர் அரசாங்க ஆபீசில் எழுத்து வேலை பார்த்த கிராணி. வெள்ளைக் கால்சட்டை, கையில் குடை. நான் அப்போதுதான் ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து வெளியேறி, டவுனில் மளிகைக்கடையில் சேர்ந்திருந்தேன். முதல் நாள் என்னைப் பார்த்து, "டாரி எஸ்டேட் கா?" என்று கேட்டார். எஸ்டேட்டிலிருந்தா வருகிறாய் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு அது முள்ளாகத் தைத்தது. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த முள்ளை நான் பல வருஷம் எடுக்காமல் வைத்திருந்தேன்.

ஜப்பான்காரன் வந்தான். கிராணிக்கு வேலை போயிற்று, கடையில் சாமான் போயிற்று. அரிசி என்பது வாயால் பேசிக்கொள்ள மட்டுமே உள்ள பொருளாக ஆயிற்று. எங்கள் வட்டாரத்தில் அரிசியை இனவாரியாகப் பிரித்து விட்டார்கள். இந்தியர்களுக்கு இத்தனை மூட்டை, அதை அவர்களுக்குள்ளே பட்டியல் போட்டுப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பொறுப்பை டவுனில் இருந்த நம் இந்தியர் சங்கம் எடுத்துக்கொண்டது. செயலாளர் துணிக்கடைக்காரர், தாராள மனசுக்காரர், கோயில் திருவிழாவில் பந்தி போடுகிறவர். பட்டியல் எழுத நல்ல கையெழுத்து உள்ள ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். தோட்டத்தில் பால் மரம் சீவியவனின் மகனை மேசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கு முதல் நாள்தான் திடலில் பெரிய கூட்டம். நாம் எல்லாரும் ஒன்று, நமக்குள் மேல் கீழ் இல்லை, வடக்கு தெற்கு இல்லை என்று பேசினார்கள். இந்தியாவின் விடுதலைப் படைக்கென்று பெண்கள் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள். நான் கை வலிக்கத் தட்டினேன். அழுதும் இருப்பேன். பொய்யாக அழவில்லை. அன்று திடலில் நின்ற ஒவ்வொருவனும் எனக்கு அண்ணன் தம்பியாகத்தான் தெரிந்தான். உன் வீட்டுக்கார அம்மாள் காலுறை பின்னியதும் பொய்யில்லை என்று நான் நம்புவது இதனால்தான்.

பட்டியலுக்கு நான்தான் கோடு போட்டேன். பெயர், தகப்பன் பெயர், வீட்டில் எத்தனை பேர், அப்புறம் சொந்த ஊர். அரிசிக்கும் சொந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று நீ கேட்பாய். ஒரு சம்பந்தமும் இல்லை. தமிழனைத் தமிழன் பார்த்தால் பெயருக்கு முன்னால் ஊரைத்தானே கேட்கிறோம். ஊரைச் சொன்னால் ஜாதி பாதி தெரிந்துவிடும், பங்காளியா பகையாளியா என்று தெரிந்துவிடும். எல்லாப் பட்டியலிலும் அந்தக் கட்டம் இருந்தது, அதனால் நானும் போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, சங்கத்து மாடியில் வரிசை நின்றது. ராஜு வந்தார். வெள்ளைக் கால்சட்டையில் முழங்காலில் ஒட்டுப் போட்டிருந்தது. "பேரு?" என்றேன். சொன்னார். தகப்பன் பெயரும் சொன்னார், நம் ஆட்கள் பெயரைப் போலத்தான். எத்தனை பேர் என்று கேட்டபோது விரலைக் காட்டினார், மூன்று. மூன்று என்று எழுதினேன். அப்புறம், "சொந்த ஊரு எது?" என்று கேட்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார். தம்பி, எனக்கு மலாய் அவரைப் போலவே தெரியும். ஏழெட்டு வருஷமாகச் சுவரை ஒட்டிக் குடியிருந்து அவரோடு மலாயில்தான் பேசிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, வேண்டுமென்றே, மறுபடியும் தமிழிலேயே கேட்டேன்.

வரிசையில் நின்ற ஒருவர் இரக்கப்பட்டு மலாயில் எடுத்துச் சொன்னார். ராஜுவுக்கு அப்போதும் கேள்வி விளங்கவில்லை. தினம் பார்க்கிற ஆள் இதை ஏன் கேட்கிறான் என்பதுபோல, "சினி லா. காஜா பெராங்" என்றார். இங்கேதான், காஜா பெராங்தான் என்றார். மாடியே சிரித்தது. செயலாளர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "காஜா பெராங்க எந்த ஜில்லாவுல சேக்கிறது? தஞ்சாவூரா, திருச்சியா?" என்றார். மறுபடி சிரிப்பு. எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து ராஜுவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் முன்னால் நிற்கிறது.

செயலாளர் கெட்ட மனிதர் இல்லை. மூட்டைக் கணக்கு அவரை அரித்துக்கொண்டிருந்தது. "பாஷையும் இல்ல, ஊரும் இல்ல. இவங்கள எதுல சேக்கிறது? தனக்கு மிஞ்சித்தான் தானம். நம்ம ஆளுக்கே காணாது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கதான் பக்கத்து வீட்டுக்காரரு. நீங்க சொல்லுங்க, சேக்கலாமா வேணாமா?" என்று கேட்டார். மாடியில் இருந்த அத்தனை கண்ணும் என் மேல் இருந்தது. சேர்க்கலாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் தலையாட்டியிருப்பார். ஆனால் இவன் செட்டிக்குப் பரிந்து பேசுகிறான், நம் ஆள் வாயிலிருந்து பிடுங்கிக் கொடுக்கிறான் என்று பின்னால் பேசுவார்களே என்று பயந்தேன். அந்த முள்ளும் உள்ளே குத்தியது. "அவங்களுக்கு மலாய்ப் பட்டியல்ல கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு, எழுதிய பெயரின் மேல் கோடு போட்டேன். ராஜு "தெரிமா காசி" என்று நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மலாய்ப் பட்டியலில் கிடைக்கவில்லை. அதை எழுதியவர் நல்ல மனிதர்தான். நீங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள், இந்தியப் பட்டியலில் வருவதுதான் முறை என்று அனுப்பிவிட்டார். செட்டிகளின் கம்போங்கில் தலைவர், வீடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் பெயர் எழுதுவார்கள், எங்கள் பட்டியலை முடித்துக் கொடுத்துவிட்டோம் என்றார். ஒவ்வொருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எல்லா நியாயத்துக்கும் நடுவில் அந்த மூன்று பேரும் விழுந்துவிட்டார்கள்.

இது எனக்கு ஒரு மாதத்துக்குள் தெரிந்துவிட்டது. தெரியாது என்று சொன்னால் அதைவிடப் பெரிய பொய் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு வேகிற வாசனை வந்துகொண்டிருந்தது. நமக்கும் கிழங்குதான், ஆனால் நமக்குக் கிழங்கோடு கொஞ்சம் அரிசி இருந்தது. மாக் மீனா கெபாயாவில் குத்துகிற தங்க ஊசிகளை ஒவ்வொன்றாக மீனவர்கள் இருக்கிற உஜோங் பாசிர் பக்கம் கொண்டுபோய் மீனுக்கும் முட்டைக்கும் மாற்றிக்கொண்டு வந்தார். உன் அம்மா கஞ்சி காய்ச்சும்போது ஒரு கிண்ணம் தனியாக எடுத்து, உன்னிடம் கொடுத்துப் பின்வாசல் வழியே அனுப்புவாள். ஒருநாள் நான் பார்த்துவிட்டேன். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். நம்ம புள்ளைக்கு இருக்கான்னு பாத்தியா?" என்றேன். "நம்ம புள்ளையோட வெளாடுற புள்ளங்க அது. அதுக்கு ஏன் பட்டியல்ல பேரு வரல? நீங்கதான எழுதுறீங்க?" என்றாள். "அது மேல உள்ளவங்க முடிவு" என்று சொன்னேன். அவள் என்னை நம்பினாள். நான் சொன்னால் அவள் நம்புவாள் என்று எனக்குத் தெரியும்.

பட்டியல் ஒரு தடவை எழுதி முடிந்துபோகிற காரியம் இல்லை. சிலர் சாவார்கள், சிலர் சயாமுக்கு ரயில் பாதை போடப் போவார்கள், சில மாதத்துக்கு ஒருமுறை புதிதாக எழுத வேண்டும். சீத்தா இருந்த வரைக்கும் நான் மூன்று முறை புதிதாக எழுதினேன். செயலாளர் அந்தச் சிரிப்பையே மறந்திருப்பார். நடுவில் ஒரு வரி சேர்த்திருந்தால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பேனா என் கையில், மேசையில் நான் மட்டும். சேர்த்தால், முதலில் ஏன் அடித்தாய் என்று நாளைக்கு ஒருவன் கேட்கலாம் அல்லவா? அடித்தது சரி என்று காட்டிக்கொள்வதற்காகவே அடுத்த தடவையும் விட்டேன், அதற்கடுத்த தடவையும் விட்டேன். முதல் கோட்டுக்காவது நான் ஆயிரம் காரணம் சொல்லலாம். இந்த மூன்று தடவைக்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

பிறகு நடந்தது உனக்கே நினைவிருக்கும், அர்த்தம்தான் தெரியாது. உங்கள் இருவருக்கும் அப்போது ஆறு வயது. சீத்தாவின் கால் வீங்கியது. கிழங்கை மட்டும் தின்றவர்களுக்கு வந்த வீக்கம் அது, டவுன் முழுக்க இருந்தது. நீ அவள் தடித்துவிட்டாள் என்று நினைத்து, "சீத்தா கெமுக், சீத்தா கெமுக்" என்று கை கொட்டிப் பாடுவாய். அவளும் சிரிப்பாள். அவள் முழங்காலுக்குக் கீழே உன் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும். அது நிரம்ப எத்தனை எண்ணுகிறோம் என்று இருவரும் எண்ணி விளையாடுவீர்கள். நான் கடைக்குப் போகும்போது அந்த விளையாட்டைப் பார்த்துக்கொண்டே சைக்கிளை எடுத்தேன். ஒரு மத்தியானம் மாக் மீனாவின் குரல் கேட்டு உன் அம்மா ஓடினாள். சாயங்காலத்துக்குள் அடக்கம் செய்தோம். குழி தோண்டியவர்களில் நானும் ஒருவன். ராஜு என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் மண் போட்டார். நீ கேட்டபோது காய்ச்சல் என்று சொன்னேன். இந்தப் பதினான்கு வருஷமாக அது காய்ச்சலாகவே இருந்து வருகிறது.

போர் முடிந்தது. ராஜுவுக்கு மறுபடி கிராணி வேலை கிடைத்தது. அவர்கள் வீடு மாறவில்லை, நாமும் மாறவில்லை. போகிப் பண்டிகைக்கு அவர்கள் பார்ச்சு வைப்பது உனக்குத் தெரியும், செத்தவர்களுக்கு வாழையிலை போட்டுப் படைப்பது. பெரியவர்களின் இலையில் மீனும் கறியும் பலகாரமுமாகப் பத்து வகை இருக்கும். சீத்தாவின் இலையில் மாக் மீனா வெறும் வெள்ளைச் சோற்றை மட்டும் குவித்து வைப்பார், வேறு ஒன்றும் வைக்க மாட்டார். படைத்து முடித்த பிறகு எல்லா இலையிலிருந்தும் எடுத்து அக்கம் பக்கத்துக்குக் கொடுப்பார்கள். அந்த வெள்ளைச் சோறு வருஷா வருஷம் நம் வீட்டுக்கு வந்தது. நீ விரும்பிச் சாப்பிடுவாய். நானும் சாப்பிட்டேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்களே.

போன வருஷம் நாடு சுதந்திரம் அடைந்தது. திடலில் மறுபடியும் கூட்டம், மறுபடியும் நாம் எல்லாரும் ஒன்று என்ற பேச்சு. அந்தச் சொல்லைக் கேட்டதும் மற்றவர்களுக்கு நெஞ்சு நிமிர்ந்தது, நான் கூட்டம் முடியுமுன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு குடியுரிமை மனு எழுத வேண்டியிருந்தது. நான் கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவன். பிறந்த இடம் தமிழ்நாட்டில் ஒரு கிராமம், அதன் முகம்கூட எனக்குத் தெரியாது. போருக்கு முன்பிருந்து என்னைத் தெரிந்த, இங்கேயே பிறந்த ஒருவர் கையெழுத்துப் போட்டால் நல்லது என்றார்கள். எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் செத்துவிட்டார்கள், செயலாளர் கடையை விற்றுவிட்டு இந்தியாவுக்கே போய்விட்டார். ராஜுவிடம் போய் நின்றேன். அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மனுவைப் படித்தார். பிறந்த இடம் எழுதியிருந்த வரியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "லு ஒராங் சினி லா" என்றார். நீ இந்த ஊர் ஆள்தானே என்றார். கையெழுத்தைப் போட்டு மை காய ஊதிக் கொடுத்தார். அடுப்படியிலிருந்து மாக் மீனா, நீ ஆஸ்திரேலியாவில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டார்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உன் கேள்வி வந்த பிறகுதான் சொன்னேன், போகிக்கு ஒரு வாரம் இருக்கும்போது. ஞாயிறு காலை, இருவரும் வீட்டில் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள், நான் உட்காரவில்லை. எல்லாவற்றையும் மலாயில் சொன்னேன், ஒன்று விடாமல், அந்த மூன்று தடவையையும் சேர்த்து. ராஜு தரையைப் பார்த்துக்கொண்டு, "குவா தாவு" என்றார். எனக்குத் தெரியும் என்றார். தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாவிட்டாலும் கோடு என்றால் என்ன என்று யாருக்கும் தெரியும், நீ கோடு போட்டதை நான் நின்றுகொண்டு பார்த்தேன் என்று மெதுவாகச் சொன்னார். பதினான்கு வருஷமாகத் தெரிந்துகொண்டேதான் என் தோளைப் பிடித்தார், இலையைக் கொடுத்தனுப்பினார், கையெழுத்தும் போட்டார்.

மாக் மீனாவுக்குத் தெரியாது. அவர் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. "டியா புன்யா பாகியான் பெராப்பா?" என்று கேட்டார். அவள் பங்கு எவ்வளவு வந்திருக்கும் என்று கேட்டார். எனக்குத் தெரியும், நான்தானே எழுதினவன். சின்னப் பிள்ளைக்கு வாரத்துக்கு இரண்டு பால் டின் அரிசி என்றேன். அவர் எழுந்து போய், அலமாரியில் உப்புப் போட்டு வைத்திருந்த பால் டின் ஒன்றை எடுத்து வந்து கையில் வைத்துப் பார்த்தார். "டுவா" என்றார். இரண்டு. பிறகு என்னை விட்டுவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பி, "லு தாவு?" என்று கேட்டார். உனக்குத் தெரியுமா என்று.

மறுநாளே மாக் மீனா கிளேபாங்கில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். இன்னும் வரவில்லை. ராஜு காலையில் வேலைக்குப் போகிறார், சாயங்காலம் வந்து கதவைச் சாத்திக்கொள்கிறார். இந்தப் போகிக்கு அந்த வீட்டில் இலை விழவில்லை. உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்கிறார்களே, அது சொன்னவனுக்கு. அதுகூட எனக்கு ஆகவில்லை. நான் அடித்த கோட்டை ராஜு இத்தனை வருஷம் தனியாகத் தூக்கிக்கொண்டு அவர் மனைவியைக் காப்பாற்றி வைத்திருந்தார், நான் போய் அதையும் உடைத்துவிட்டு வந்தேன். சொல்லாமல் இருந்திருக்க வேண்டுமா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை.

அதனால் உன் வீட்டுக்கார அம்மாளைப் பற்றி நியாயம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மன்னித்துவிடு என்று நான் சொல்ல மாட்டேன். அது அந்த இத்தாலிக்காரரின் மனைவி சொல்ல வேண்டியது, உன்னுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. ஒன்று மட்டும் கவனித்தாயா? உன் வீட்டுக்கார அம்மாளை யாரும் கேட்கவில்லை. நீ அவர் தெருவை மெச்சிக்கொண்டிருந்தாய், அப்படியே விட்டிருந்தால் அவருக்கு நல்ல பெயர் மிஞ்சியிருக்கும். அவராகவே சொன்னார். அவருடைய மகன் நம் மண்ணில் பிடிபட்டு, சயாம் ரயில் பாதையில் நம் தோட்டத்து ஆட்களோடு செத்தான் என்று நீயேதான் எழுதியிருக்கிறாய். அந்தத் தாய்க்கு, கையெழுத்துப் போட்டும் பிள்ளை பிழைக்கவில்லையே என்ற எண்ணம் இருக்காதா? போவதென்றால் போ. ஆனால் பிப்ரவரிக் கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நழுவிப் போகாதே. எதற்காகப் போகிறாய் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ. அந்தக் கடைக்காரர் குடும்பம் இப்போது எங்கே இருக்கிறது, தேடிப் பார்த்தீர்களா என்றும் கேள். ஆத்திரத்தில் செய்கிற நல்ல காரியத்தில்கூட நாம் கொஞ்சம் நம்மை மெச்சிக்கொள்கிறோம், தம்பி. நான் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது என்னை மிகவும் மெச்சிக்கொண்டுதான் இருந்தேன்.

நம் ஆட்களிடம் ஒற்றுமை ஏன் இல்லை என்று கேட்டாய். இருந்தது. அன்றைக்கு மாடியில் எல்லாரும் ஒன்றாகத்தான் சிரித்தோம்.

இனி உன் அம்மாவைப் பற்றி. அவளுக்கு எழுத்துத் தெரியாது, உன் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன். இந்த முறை உன் கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிட்டு வாசித்தேன். மாக் மீனாவிடம் சொல்லிவிட்டு வந்த அன்றைக்கு அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன், விட்ட வரியையும் வாசித்தேன். கடைசியில், "அந்தப் புள்ள கேட்டதுக்கு எழுதிப் போடுங்க. மறைக்காம எழுதுங்க" என்றாள். அதற்குப் பிறகு இன்றுவரை என்னிடம் வேறு பேச்சு இல்லை. சோறு வைக்கிறாள், எடுத்துக்கொண்டு போகிறாள்.

நீ எனக்கு இனி எழுதாமல் இருக்கலாம், அது உன் இஷ்டம். அம்மாவுக்கு எழுதாமல் இருந்துவிடாதே. அவளுக்கு வாசித்துக் காட்ட இந்த வீட்டில் நான் ஒருவன்தான் இருக்கிறேன். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுது. அவள் எதிரில் உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் வாசிப்பேன்.

அப்பா